சார்கோமா ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது? கேள்வி பதில்

(தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் பெரியவர்களுக்கு வரும் சார்கோமா என்ற புற்றுநோய் பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு, திசு பரிசோதிக்கும் மருத்துவராக என் பதில்கள்.)

அப்பாவுக்குத் தொடையில் சார்கோமா. நோய் எப்படிப் போகும் என்று ரத்தத்தில் பார்க்க முடியுமா டாக்டர்?

புராஸ்டேட் புற்றுக்குப் பிஎஸ்ஏ இருப்பது போல இதற்கு வழக்கமான ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. எடுத்த திசுவைத்தான் பார்க்க வேண்டும்.

"கிரேடு 3" என்று போட்டிருக்கிறார்கள். எதை வைத்து?

கட்டி எவ்வளவு வீரியமானது என்பதைச் சொல்லும் அளவுதான் கிரேடு. நாங்கள் அதிகம் நம்புவது இதைத்தான். பிரெஞ்சு முறையில் மூன்று விஷயங்களுக்கு மதிப்பெண் போடுவோம். செல்கள் இயல்பான திசுவை எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பது ஒன்று. அப்புறம், நுண்ணோக்கியில் பத்து இடங்களை உருப்பெருக்கி, பிரிந்துகொண்டிருக்கும் செல்களை ஒவ்வொன்றாக எண்ணுவோம்: 9 வரை 1 மதிப்பெண், 19 வரை 2, அதற்கு மேல் 3. மூன்றாவது, செத்துப்போன பகுதி. அங்கே உட்கரு மறைந்து, செல்லின் வெறும் உருவம் வெளிறிய இளஞ்சிவப்பாகத் தெரியும். கூட்டுத்தொகை 6 வந்தாலே கிரேடு 3. நுரையீரலுக்குப் பரவும் வாய்ப்பு இதில் அதிகம். ஊசி பயாப்ஸியில் சின்னத் துண்டுதான் கிடைக்கும் என்பதால் கிரேடு சில சமயம் குறைவாகவும் வந்துவிடும்.

கேஐ-67 அதிகம் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

உங்கள் பயம் புரிகிறது. பிரியத் தயாரான செல்களின் உட்கரு பழுப்பாகச் சாயமேறும். அந்தச் சதவீதம்தான் அது. எண்ணுபவரையும் எண்ணிய இடத்தையும் பொறுத்து மாறும். அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

எம்டிஎம்2 பாசிட்டிவ் என்றால் மோசமா?

இல்லை. அது ஒரு புரதம். கொழுப்புத்திசுக் கட்டியின் வகையை அடையாளம் காணத்தான் உதவுகிறது.

மரபணுப் பரிசோதனை கிரேடைவிடத் துல்லியமா?

2010இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 67 மரபணுக்கள் கொண்ட சின்சார்க் என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். பரவும் ஆபத்தைப் பிரித்துக் காட்டுவதில் அது கிரேடை மிஞ்சியது. நம்பிக்கை தரும் முயற்சிதான். ஆனாலும் எனக்கு சைனோவியல் சார்கோமா என்ற வகையின் கதை நினைவுக்கு வருகிறது. அதில் இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்ளும். எந்த வகையில் ஒட்டியது என்பதை வைத்தே நோயின் போக்கைச் சொல்லலாம் என்று 1998இல் ஒரு ஆய்வு வந்தது. 2004இல் வந்த இன்னொரு ஆய்வில் அந்த வித்தியாசம் நிற்கவில்லை, கிரேடுதான் நின்றது.

அக்காவுக்கு இப்போதுதான் ரிப்போர்ட் வந்திருக்கிறது. முதலில் என்ன செய்யட்டும்?

சார்கோமாவில் 70க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. வகை தவறினால் மற்ற எந்தக் கணக்கும் சரியாக வராது. சார்கோமாவையே அதிகம் பார்க்கும் ஒரு நோய்க்குறியியல் மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, கண்ணாடி ஸ்லைடுகளையும் திசுவைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.