பீடியை நிறுத்தினால் சளி கட்டுமா?

கேள்வி: அப்பாவுக்கு 56 வயது. குடலிறக்கம். சம்பா அறுப்பு முடிந்ததும் மாசியில் ஆபரேஷன். தினமும் ஒரு கட்டு பீடி குடிக்கிறார். திடீரென்று நிறுத்தினால் சளி கட்டும், குறைத்தாலே போதும் என்கிறார்கள் தெருவில். அப்பாவோ, பீடிக்குப் பதில் வெற்றிலையோடு புகையிலை போட்டுக்கொள்கிறேன் என்கிறார். எது சரி?
– வாசகி, மன்னார்குடி

பதில்: மூன்றுமே சரியில்லை, அம்மா. இன்றே நிறுத்தட்டும். சளி கட்டும் என்ற பயம் ஒரு காலத்தில் டாக்டர்களுக்கே இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் அது நிற்கவில்லை. நிறுத்திய புதிதில் இருமல் கொஞ்சம் கூடலாம், பயப்படாதீர்கள்.

ஒரே நாளில் ரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற புகை நச்சு பெரும்பாலும் இறங்கிவிடும். ஆனால் நுரையீரல் தேறவும் புண் ஒழுங்காக ஆறவும் 4 வாரமாவது வேண்டும். 8 வாரம் கிடைத்தால் இன்னும் நல்லது. புகைப்பவர்களுக்குத் தையல் போட்ட இடம் சீழ் பிடிப்பதும், குடலிறக்கம் திரும்ப வருவதும் அதிகம்.

ஐந்து பீடியாகக் குறைத்தவர் அந்த ஐந்தையும் ஆழமாக இழுப்பார். புகையிலை போட்டால், அதற்கு அடிமையாக்கும் நிகோடினின் பழக்கம் அப்படியே இருக்கும், வாய்ப்புற்று அபாயமும் சேரும்.

பீடி வேட்கையை அடக்க மருந்துக்கடையில் நிகோடின் சூயிங்கம் கிடைக்கும். எழுந்த அரை மணிக்குள் முதல் பீடி பற்றவைப்பவருக்கு 4 மி.கி. தேவைப்படும், அதை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். மற்றவர்களுக்கு 2 மி.கி. நெஞ்சுவலி, மாரடைப்பு வந்தவரென்றால் எதையும் டாக்டரைக் கேட்டபிறகே. முதலில் 1–2 மணி நேரத்துக்கு ஒன்று. பலரும் தவறுவது மெல்லும் விதத்தில்தான். மெதுவாக மெல்ல வேண்டும். சுருக்கென்று காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி மெல்லலாம். இப்படி அரை மணி நேரம். மிட்டாய்போல் மென்று விழுங்கினால் விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல் வரும். ‘ஒத்துக்கலை’ என்று தூக்கிப் போட்டுவிடுவார். டீ, காபி குடித்தால் கால் மணி நேரம் பொறுத்துத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் மருந்து வாயில் ஏறாது.

முதல் சில நாள் சிடுசிடுப்பு அதிகமாக இருக்கும், விட்டுக்கொடுங்கள். ஒவ்வொரு வேட்கையும் சில நிமிடத்தில் அடங்கும். டீக்கடைப் பெஞ்சும் வரப்பில் உட்காரும் நேரமும்தான் இழுக்கும். சட்டைப்பையில் தீப்பெட்டியே வேண்டாம். 1800-11-2356 இலவச எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

இன்னொன்று: பீடியை விட்ட சிலருக்கு மலச்சிக்கல் வரும். குடலிறக்கக்காரர் முக்கக் கூடாது. கீரை, வாழைத்தண்டு, தண்ணீர் கூடட்டும். வீக்கம் உள்ளே போகாமல் வலித்து வாந்தியும் வந்தால், அறுப்பைப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.