பெட்டிக்கு முகம் கிடையாது

அன்புள்ள ஐயா,

நான் இங்கிலாந்தில் கோவென்ட்ரியில் ஐடி வேலையில் இருக்கிறேன். 2024 ஆகஸ்டில் இங்கே கலவரம் நடந்தபோது ஒரு வாரம் வெளியே தலைகாட்டவில்லை. சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகளைக் கொன்றவன் படகில் வந்த அகதி என்று ஒரு பொய் பரவியது. அவன் கார்டிஃபில் பிறந்தவன் என்று தெரிந்த பிறகும் கூட்டம் அடங்கவில்லை. ராதர்ஹாம் பக்கத்தில் அகதிகள் தங்கியிருந்த ஓட்டலுக்குத் தீ வைக்கப் பார்த்தார்கள்.

என் பக்கத்து வீட்டுக்காரர் எழுபது வயதைத் தாண்டியவர், முன்பு கார் ஆலையில் இருந்தவர். நாங்கள் ஊருக்குப் போனால் எங்கள் குப்பைத் தொட்டியை அவர்தான் வெளியே எடுத்து வைப்பார். இப்போது வாசலில் கொடி கட்டியிருக்கிறார். "நாடு எங்கள் கையை விட்டுப் போய்விட்டது" என்கிறார். புள்ளிவிவரம் காட்டினால் சிரிக்கிறார். மாற்றம் என்றாலே அஞ்சும்படிதான் மனித மூளையைப் பரிணாமம் செய்துவைத்திருக்கிறது என்று படித்தேன். அப்படியானால் இவர்களோடு பேசிப் பயன் உண்டா? நாங்கள் முறையாக விசா வாங்கி வந்து, வரி கட்டி வாழ்கிறவர்கள். ஊர் திரும்பிவிடலாமா என்று மனைவி கேட்கிறாள்.

ர.

அன்புள்ள ர.,

மூளை, பரிணாமம் இரண்டையும் முதலில் ஓரமாக வைக்கிறேன். நீங்கள் ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தீர்கள். அதுவும் பயம்தான். அதற்கு நீங்கள் பரிணாமத்தைக் காரணம் சொல்லவில்லை, கலவரத்தைத்தான் சொன்னீர்கள். பக்கத்து வீட்டுக்காரரின் பயத்துக்கு மட்டும் ஏன் குகை வரைக்கும் போகிறீர்கள்? நம் பயத்துக்குக் காரணம் உண்டு, அடுத்தவர் பயத்துக்கு மூளைக்கோளாறு. படித்தவர்கள் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் இருக்கிறது, எனக்கும் சேர்த்துத்தான்.

கொஞ்ச காலமாக லண்டன் துறைமுகத் தொழிலாளர்களைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு உடனே உட்கார்ந்துவிட்டேன்.

1968 ஏப்ரல் 20 அன்று பர்மிங்காமில், அப்போது எதிர்க்கட்சியாக இருந்த கன்சர்வேட்டிவ் கட்சியின் எம்.பி. ஈனக் பவல் பேசினார். 'ரத்த ஆறுகள்' என்று பேர்பெற்ற பேச்சு. குடியேறிகளை நிறுத்தாவிட்டால் நாடு அழியும் என்றார். மறுநாளே கட்சித் தலைவர் எட்வர்ட் ஹீத் அவரை நிழல் அமைச்சரவையிலிருந்து நீக்கினார். 23ஆம் தேதி லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் சுமார் ஆயிரம் பேர் வேலையை விட்டுவிட்டு, பவலுக்கு ஆதரவாக நாடாளுமன்றத்துக்கு ஊர்வலம் போனார்கள். பரம்பரைத் தொழிற்சங்கக்காரர்கள், லேபர் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள், ஒரு கன்சர்வேட்டிவ் பிரமுகருக்காகத் தெருவில் இறங்கினார்கள்.

இதில் விசித்திரம் என்னவென்றால், அந்தத் துறைமுகங்களில் கறுப்பர்களோ ஆசியர்களோ கிட்டத்தட்ட வேலையிலேயே இல்லை. அப்பன் வேலை பிள்ளைக்கு, அண்ணன் சொன்னால் தம்பிக்கு என்று குடும்பத்துக்குள்ளேயே கைமாறிய தொழில் அது. வெளி ஆள் உள்ளே வரவே முடியாது. அப்படியிருக்க இவர்கள் எதற்குப் பயந்தார்கள்?

பயப்பட ஒன்று இருந்தது. 1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி, நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு சரக்கு நிரப்பிய 58 அலுமினியப் பெட்டிகளை, இன்று கன்டெய்னர் என்கிறோமே அதை, ஒரே கப்பலில் அனுப்பினார். மூட்டை மூட்டையாகக் கப்பலில் சரக்கேற்ற அப்போது ஒரு டன்னுக்கு 5.86 டாலர் செலவானது. பெட்டியில் அது 16 சென்ட்டுக்கும் குறைவு. இந்தக் கணக்கு புரிந்த எவருக்கும் லண்டன் துறைமுகம் முடிந்தது என்று தெரிந்திருக்கும். தேயிலைப் பெட்டி, சர்க்கரை மூட்டை, வாழைத்தார் என்று ஒவ்வொன்றையும் எப்படித் தூக்குவது, எங்கே அடுக்கினால் கப்பல் சாயாது என்று தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துவைத்த அறிவு ஒரே பத்தாண்டில் வேண்டாததாகிப் போனது. லண்டன் துறைமுகத்தின் கப்பல் துறைகளில் கிழக்கிந்தியத் துறை 1967இல் மூடப்பட்டது. செயின்ட் கேத்தரின் துறை அந்த 1968லேயே. ஆற்றில் சுமார் 40 கிலோமீட்டர் கீழே டில்பரியில் பெட்டிகளுக்கென்றே புதுத் துறை எழுந்தது. கடைசியாக ராயல் துறைகள் 1981இல் போயின.

தினமும் காலையில் வாசலில் கூட்டமாக நின்று, மேஸ்திரி கைகாட்டினால்தான் அன்றைக்குக் கூலி என்ற முறை ஒழிந்து நிரந்தர வேலை வந்ததே 1967 செப்டம்பரில்தான். பல பத்தாண்டுகள் போராடி வாங்கியது. வாங்கிய ஏழே மாதத்தில், தொழிலே காலுக்கடியில் நழுவுகிறது என்று தெரிகிறது. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ஆக, அவர்கள் பயத்தில் பைத்தியக்காரத்தனம் எதுவும் இல்லை. எல்லாம் போய்விடும் என்று நினைத்தார்கள், போயே விட்டது. விலாசம்தான் தப்பு. பெட்டிக்கு முகம் கிடையாது, அதைப் பார்த்து முறைக்க முடியாது, அதன் வீட்டு ஜன்னலில் கல்லெறிய முடியாது. முகமுள்ள ஒருவனை யாராவது காட்டித்தர வேண்டியிருந்தது.

காட்டித் தந்தவர் யார்? 25 வயதில் சிட்னியில் கிரேக்கப் பேராசிரியரானவர். அன்றைய நாடாளுமன்றத்தில் அவரளவுக்குப் படித்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். சந்தையில் அரசு தலையிடவே கூடாது என்பது அவர் கொள்கை. அதாவது, துறைமுகத்தொழிலாளியின் வேலைக்கு அரசு பாதுகாப்புத் தருவதில் கொஞ்சமும் நம்பிக்கை இல்லாதவர். மக்களுக்குப் பகுத்தறிவு போதவில்லை என்கிறீர்களே, இந்த மனிதரை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?

சில வருடங்களுக்கு முன் ஈஸ்ட் ஹாமில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, பழைய கிடங்கு ஒன்றில் நடக்கும் துறைமுக அருங்காட்சியகத்துக்குப் போனேன். மூட்டை இழுக்கும் கொக்கி ஒன்றைக் கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள். ஒரு கிழவர் அதன் முன்னால் நின்று, எந்தக் கோணத்தில் குத்தினால் சாக்கு கிழியாது என்று பேரனுக்கு மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். 1968 ஊர்வலத்தைப் பற்றிக் கேட்டதும் தயங்கவே இல்லை, "போனேனே" என்றார். ஏன் என்று கேட்டேன். வெயில் நன்றாக இருந்தது, எல்லாரும் போனார்கள், வழியில் பியர் குடித்தோம் என்றார். பவல் என்ன பேசினார் என்று அவர் அன்றைக்குப் படித்திருக்கவில்லை. அப்புறம் ரொம்ப நேரம் கிரேன்களைப் பற்றிப் பேசினார். முதல் பெட்டிக் கப்பலைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்களாம். பெரிய வாக்குமூலத்தை எதிர்பார்த்துப் போன எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் அவருக்கு விளங்க வைக்க முடியாத ஆழ்மன இருட்டு எதுவும் இருந்ததாகத் தோன்றவில்லை.

அதே லண்டன் கிழக்கில் 1912இல் துறைமுக வேலைநிறுத்தம் நீண்டு பட்டினி வந்தபோது, அகதிகளாக வந்திருந்த யூதத் தையல் தொழிலாளர் குடும்பங்கள் 300க்கும் மேற்பட்ட துறைமுகப் பிள்ளைகளைத் தங்கள் வீடுகளில் வைத்துச் சோறு போட்டன. 1936 அக்டோபர் 4 அன்று பிரிட்டிஷ் பாசிஸ்ட் தலைவர் ஆஸ்வால்ட் மோஸ்லியின் கருப்புச்சட்டைக்காரர்கள் யூதர் தெருக்களுக்குள் அணிவகுக்க வந்தபோது, கேபிள் தெருவில் தடுப்பு கட்டி வழிமறித்தவர்களில் ஐரிஷ் துறைமுகத்தொழிலாளர்கள் இருந்தார்கள். மோஸ்லி திரும்பிப் போனார். 1968க்கு எட்டு வருடம் கழித்து, லண்டன் வடமேற்கில் கிரன்விக் என்ற போட்டோ கழுவும் ஆலையில் ஜெயாபென் தேசாய் என்ற குஜராத்திப் பெண்மணியின் தலைமையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த புடவைக்காரப் பெண்கள். 1977 ஜூலையில் அவர்களுக்கு ஆதரவாக நடந்த பெரும் மறியலுக்கு ராயல் துறைமுகத் தொழிலாளர்கள் தங்கள் பதாகையோடு வந்தார்கள். எல்லாம் அதே ஆட்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே தொழில், அதே தெருக்கள். மூளையமைப்புதான் காரணம் என்றால் அது ஒன்பது வருடத்துக்குள் மாறியதா?

மாறியது அவர்கள் அருகில் நின்று பேசியவர்கள். 1936இல் வீடுவீடாகப் போய் எழுப்ப ஆள் இருந்தார்கள், 1977இல் சங்கம் இருந்தது. வேலைநிறுத்தம் தோற்றது, அது வேறு கதை. 1981க்குப் பிறகு துறைமுகம் போய் சங்கமும் போனது, அங்கே பணக்காரர்களுக்கான அடுக்குமாடிகளும் வங்கிக் கோபுரங்களும் வந்தன. வீடு கிடைக்காதவர்களின் கோபம் கோபுரம் கட்டியவன் மேல் திரும்பாமல் வங்காளதேசக் குடும்பங்கள் மேல் திரும்பியது. 1993இல் அந்தப் பகுதியின் மில்வால் வார்டில் ஏழு ஓட்டு வித்தியாசத்தில், தீவிர வலதுசாரிக் கட்சியான பிரிட்டிஷ் நேஷனல் பார்ட்டிக்கு முதல் கவுன்சிலர் கிடைத்தார்.

இப்போது ஒன்று சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். "நாங்கள் முறையாக விசா வாங்கி வந்தவர்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, யாருக்காக எழுதினீர்கள் அதை? ஓட்டலுக்குத் தீ வைக்க வந்தவன் விசாவை வாங்கிப் பார்த்துவிட்டா வைப்பான்? பவல் வாய் திறப்பதற்கு முன்பே, 1968 மார்ச்சில், லேபர் அரசு சில நாட்களுக்குள் அவசரமாக ஒரு சட்டம் போட்டது. கென்யாவிலிருந்த இந்தியர்கள் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டே வைத்திருந்தார்கள். இருந்தும், பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிரிட்டனில் பிறந்திருக்காவிட்டால் தடையின்றி உள்ளே வர முடியாது என்றாகிவிட்டது. அதைவிட முறையான தாள் உங்களிடம் இருக்கிறதா தம்பி? படகில் வந்தவனைக் கைகாட்டிவிட்டு நீங்கள் தப்பிக்கப் பார்ப்பதும் விலாசத்தை மாற்றி எழுதும் அதே வேலைதான். உங்கள் பக்கத்து வீட்டுக்காரராவது கொடி கட்டிவிட்டுச் செய்கிறார்.

ஊர் திரும்புவதைப் பற்றி நீங்களும் உங்கள் மனைவியும் பேசி முடிவெடுங்கள், நான் எங்கே அதில் வருகிறேன்?

அந்தப் பெரியவர் கார் ஆலையில் இருந்தவர் என்று அரை வரியில் கடந்துவிட்டீர்கள். கோவென்ட்ரியில் அது அரை வரிச் செய்தியா? பிரவுன்ஸ் லேனில் ஜாகுவார் கார் உற்பத்தி 2005இல் நின்றது. ஊருக்கு வெளியே ரைட்டனில் இருந்த பெஜோ ஆலை 2006 டிசம்பரோடு மூடப்பட்டு, அந்த வேலை ஸ்லோவாக்கியாவுக்குப் போனது. அவர் எந்த ஆலையில் இருந்தார், என்ன வேலை பார்த்தார், எப்போது நிறுத்தினார்கள், கடைசி நாளில் என்ன கொடுத்து அனுப்பினார்கள்? இத்தனை வருடம் பக்கத்தில் இருந்து குப்பைத் தொட்டி எடுத்து வைக்க விட்டிருக்கிறீர்கள், இதைக் கேட்டதில்லை. புள்ளிவிவரத்தை வீட்டில் வைத்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க் கேளுங்கள். கேட்டதற்கு அப்புறமும் அவர் கொடியை இறக்காமல் இருக்கலாம். என்ன சொன்னார் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.