புளியந்தீவுக் கோட்டையிலிருந்து கண்டிக்கு: பிரித்தானிய 19ஆம் காலாட்படை பற்றிய கேள்வி பதில்

ஏறாவூரிலிருந்து: ரெஜிமென்ட், பட்டாலியன் இரண்டும் ஒன்றா? பேப்பரில் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள்.

காலாட்படையில் ஒன்றல்ல. மட்டக்களப்பானுக்கு விளங்கும்படி சொன்னால், ரெஜிமென்ட் என்பது குடி, அதாவது குலம்; பட்டாலியன் அந்தக் குடியில் ஒரு வீடு. சண்டைக்குப் போவது பட்டாலியன். பெயர், சின்னம், கொடி, எந்தப் போரில் நின்றோம் என்ற பெருமை எல்லாம் ரெஜிமென்ட்டுக்கு உரியவை. ஒரு ரெஜிமென்ட்டில் ஒரு பட்டாலியனும் இருக்கலாம், இருபதும் இருக்கலாம்.

இன்றைய கணக்கு இது: எட்டுப் பத்துப் பேர் ஒரு செக்சன், முப்பது பேரளவில் ஒரு பிளட்டூன், நூறு நூற்றிருபது பேர் ஒரு கம்பனி, ஐந்நூறு முதல் எண்ணூறு வரை ஒரு பட்டாலியன். குதிரைப்படை வழிவந்த கவசப் படைகள், பீரங்கிப் படை போன்றவற்றில் ரெஜிமென்ட் என்பதே பட்டாலியன் அளவுப் படை. பேப்பர்காரர் குழம்புவது அங்கேதான்.

களுவாஞ்சிகுடியிலிருந்து: மட்டக்களப்புக் கோட்டையில் இருந்த வெள்ளைக்காரப் படை எது சேர்?

ஆட்சிக்கு ஆட்சி வேறு. போர்த்துக்கேயர் கட்டி 1628இல் முடித்த கோட்டையை ஒல்லாந்தர் 1638 மே 18இல் பிடித்தார்கள். பிரித்தானியர் கைக்கு வந்தபின் அதிகம் பேசப்படுவது 19ஆம் காலாட்படை. அது 1796 முதல் 1820 வரை இலங்கையில் இருந்தது. முழுப்படையும் கோட்டை இருக்கும் புளியந்தீவில் இருந்ததென்று எண்ண வேண்டாம். அந்தப் படையின் கப்டன் ஆர்தர் ஜோன்ஸ்டன் 1804இல் மட்டக்களப்பின் கட்டளை அதிகாரி.

1688இல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் லட்ரெல் என்பவர் திரட்டிய படை அது. அக்காலத்தில் கேணல் பெயர்தான் படையின் பெயர். 1740களில் ஹோவர்ட் என்ற பெயரில் இரண்டு கேணல்கள் ஒரே களத்தில் நின்றதால் ஆளை ஆள் பிரிக்கச் சட்டையின் கழுத்துப்பட்டி, கைமடிப்பு நிறத்தைப் பார்த்தார்கள். மங்கல் மஞ்சள் போட்டவர்கள் ‘பஃப்ஸ்’, பச்சை போட்ட 19ஆம் படையினர் ‘கிரீன் ஹோவர்ட்ஸ்’. 1751இல் எண் முறை வந்த பிறகும் பச்சைப் பெயர் ஒட்டிக்கொண்டது. பட்டப்பெயர் பதிவுப் பெயரைத் தின்றுவிடும் என்பது நம் ஊரில் புதினமா என்ன?

அக்கரைப்பற்றிலிருந்து: அந்த ஜோன்ஸ்டன் மட்டக்களப்பிலிருந்து நடந்தே கண்டியைப் பிடித்தார் என்கிறார்களே, மெய்தானா?

மெய். 1804 செப்டம்பர் 20இல் மட்டக்களப்பை விட்டுப் புறப்பட்டு, பிந்தனைப் பக்கமாக, அதாவது இன்றைய மகியங்கனைப் பக்கமாக ஏறி, ஒக்டோபர் 6இல் கண்டிக்குள் நுழைந்தார். போனவர்கள் ஏறத்தாழ 300 படையினர். அதில் ஐரோப்பியர் எண்பது பேரளவுதான். மற்றவர்கள் மலாயரும் சிப்பாய்களும்.

திட்டப்படி வெவ்வேறு இடங்களிலிருந்து பல அணிகள் ஒரே வேளையில் கண்டியில் சந்திக்க வேண்டும். இலங்கையின் பிரித்தானியத் தளபதி வெமிஸ் பிறகு அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, ஜோன்ஸ்டனுக்கு இரண்டாவது கடிதம் அனுப்பினார். முதல் கட்டளை ரத்து என்று அதில் பச்சையாக எழுதியிருக்கவில்லை. திகதிதான் மாறியிருக்கிறது என்று ஜோன்ஸ்டன் எடுத்துக்கொண்டார். கண்டிக்குப் போனால் வேறு ஒரு அணியும் இல்லை. படைக்கட்டளையில் ‘முந்தியது ரத்து’ என்ற சொல்லைத் தனி வரியாக எழுத வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

அதே ஆள்: மறுகா? பிறகு என்ன நடந்தது?

இருந்தால் முற்றுகைதான் என்று தெரிந்து திருகோணமலை நோக்கித் திரும்பினார். வட்டப்புளுவையில் மகாவலியைக் கடக்க வேண்டியிருந்தது. முந்திய வருடம் கண்டியில் பிரித்தானியப் படைக்குத் தலைவராக இருந்த மேஜர் டேவியின் ஆட்கள் வெட்டுண்ட இடம் அது. எலும்புகள் இன்னும் கிடந்தன. வழி நெடுகச் சுடுபட்டு ஒக்டோபர் 20இல் திருகோணமலை சேர்ந்தார். இந்தப் பயணத்தைப் பற்றி அவரே எழுதிய நூல் 1810இல் வெளிவந்தது.

செங்கலடியிலிருந்து: 300 பேருக்குக் கூலிகள் 550 பேர் என்று படித்தேன். அவ்வளவு ஏன்?

நல்ல கேள்வி. முழுக் கதையும் இதில்தான் கிடக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு நாளுக்கு முக்கால் கிலோ அரிசி, போகும் வழிக்கு மட்டும் 16 நாள், மொத்தம் 850 வாய்.

850 × 0.75 × 16 = 10,200 கிலோ.

காட்டுப்பாதையில் ஒருவர் காவக்கூடியது 25 கிலோ என்று வைத்தால், அரிசிக்கு மட்டும் 408 பேர். அந்த அரிசியில் 6,600 கிலோ கூலிகளின் சொந்தச் சோறு! மிச்சம் நூற்று நாற்பது பேரளவில்தான் வெடிமருந்துப்பெட்டி, சன்னம், கூடாரம் காவ முடியும். காயம்பட்டவர், காய்ச்சல்காரர் ஒருவரைத் தூக்க நான்கு பேர், தோள் மாற்ற இன்னும் நான்கு பேர். பத்துப் பேர் படுத்தால் எண்பது கூலி போய்விடும்.

இது என் தோராயக் கணக்கு. நாளுக்கு நாள் அரிசி குறைய ஆட்கள் விடுபடுவார்கள், அது உண்மை. ஆனால் நோயாளி கூடுவதும் அதே வேகத்தில்தான். முதல் வேட்டுக் கேட்டதும் சுமையைப் போட்டுவிட்டுக் காட்டுக்குள் ஓடும் கூலியைக் குறை சொல்லவும் முடியாது. அவரிடம் துவக்கு இல்லை, சண்டை அவருடையதும் இல்லை. கண்டிப் படை இதை நன்றாக அறிந்திருந்தது. வெளியில் வந்து வரிசை கட்டி நிற்கவில்லை. மரத்தை வெட்டிப் பாதையில் சாய்த்துவிட்டு, மறைவிலிருந்து சுட்டது.

காத்தான்குடியிலிருந்து: அந்தக்காலத் துவக்கை எப்படி நிரப்புவார்கள்? மழைக்குச் சரிவருமா?

சிக்கிமுக்கிக் கல் துவக்கு. நிறை பத்து றாத்தலுக்குக் கிட்ட, குழாய் 39 அங்குலம், முனையில் 17 அங்குல முக்கோணச் சனியன், அதாவது குத்தீட்டி. ஈயக் குண்டும் வெடிமருந்தும் ஒரே காகிதச் சுருளில் இருக்கும்.

குதிரையை, அதாவது கல் பிடித்த சுத்தியலை, பாதியில் நிறுத்தி, சுருளின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, சிட்டிகை மருந்தைக் குழாயின் பக்கத்திலுள்ள கிண்ணியில் இட்டு மூட வேண்டும். பிறகு அடிக்கட்டையை நிலத்தில் ஊன்றி, மிச்ச மருந்தைக் குழாய்க்குள் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் சேர்த்துக் கோலால் இடித்து, கோலை இடத்தில் செருக வேண்டும். குதிரையை முழுதாக இழுத்தபின் சுடலாம். பழகியவர் நிமிடத்துக்கு மூன்று வேட்டு வைப்பார். நூறு யார்த் தூரத்துக்கு அப்பால் குறி என்பது பேச்சுக்குத்தான்.

பிழை நேரும் இடங்கள் இவை: கோலை எடுக்க மறந்து சுட்டால் கோலும் போய்விடும். கிண்ணி மருந்து மட்டும் பற்றி உள்ளே வெடிக்காததை இரைச்சலில் கவனிக்காமல் இரண்டாவது சுருளையும் இடிப்பார்கள். அடுத்த வேட்டில் குழாய் பிளக்கலாம். இருபது முப்பது வேட்டுக்குக் கல் மழுங்கும். கரி ஏறி, தீத்துளை அடைபடும். அதைக் குத்த ஒரு கம்பி ஊசி மார்பு வாரில் தொங்கும்.

மழை வந்தால் முதலில் நனைவது கிண்ணி. எண்ணெய் பூசிய தோலைச் சுற்றி மூடலாம், சுடும்போது கழற்றத்தானே வேண்டும்! ஐப்பசி மழையில் கைக்கு உதவுவது சனியன்தான். அதுவும் ஒற்றையடிப் பாதையில் முன்னுக்கு நிற்கும் ஓரிருவருக்கு மட்டும். பத்துக் கம்பனியை வரிசையாக நிறுத்திச் சுடப் பழக்கிய படைக்கு, மலைக்காடு இதைத்தான் செய்தது.

வாழைச்சேனையிலிருந்து: 1803இல் கண்டியில் 19ஆம் படைக்கு நடந்தது என்ன?

காய்ச்சலில் கிடந்தவர்களை மருத்துவமனையில் விட்டுவிட்டு டேவி ஜூன் 24இல் வெளியேறினார். நோயாளிகள் அங்கேயே கொல்லப்பட்டார்கள். சரணடைந்தவர்களும் தப்பவில்லை. 19ஆம் படையின் கோப்ரல் ஜோர்ஜ் பார்ன்ஸ்லி பிடரி நரம்பு அறுபட்ட நிலையில், ஒரு கையால் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே மாத்தளைப் பக்கக் கோட்டைக்கு நடந்து போய்ச் செய்தி சொன்னார்.

கல்முனையிலிருந்து: ரெஜிமென்ட் கொடிக்கு ஏன் இவ்வளவு மரியாதை? இலங்கை ரைபிள் படைக்குக் கொடியே இல்லையாமே?

புகை மூடிய களத்தில் ஆட்கள் கூட வேண்டிய இடம் கொடி. ஒவ்வொரு பட்டாலியனுக்கும் இரண்டு: ஒன்று அரசருடையது, மற்றது ரெஜிமென்ட்டினுடையது. ரெஜிமென்ட் வென்ற போர்களின் பெயர்கள் கொடியில் எழுதப்படும். பிரித்தானியப் படை கடைசியாகக் கொடியைச் சண்டைக்குள் கொண்டுபோனது 1881இல், தென்னாபிரிக்காவில். இப்போது அணிவகுப்புக்குத்தான். பழசானால் எரிப்பதில்லை, தேவாலயத்தில் தொங்கவிடுவார்கள்.

ரைபிள் படைகளின் வேலை சிதறி, மறைந்து சுடுவது. கொடி பிடித்தால் மறைவு எங்கே? அதனால் கரும்பச்சைச் சட்டை, கொடி கிடையாது. 1827இல் அந்தப் பெயர் பெற்று 1870களில் கலைக்கப்பட்ட இலங்கை ரைபிள் ரெஜிமென்ட்டும் அந்த வழிதான். அதில் முதுகெலும்பாக இருந்தவர்கள் மலாயர்.

ஆரையம்பதியிலிருந்து: கிரீன் ஹோவர்ட்ஸ் இன்றும் உண்டா? அவர்களுக்கென்று சடங்கு ஏதும்?

பெரிய நாள் செப்டம்பர் 20, அல்மா நாள். 1854இல் கிரிமியாவில் அல்மா ஆற்றங்கரைப் போரில் ரஷ்யரின் மேளங்களைப் பறித்ததன் நினைவு. ஜோன்ஸ்டன் மட்டக்களப்பை விட்டுப் புறப்பட்டதற்குச் சரியாக ஐம்பதாவது வருடம், அதே திகதி! தற்செயல்தான், ஆனாலும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். தொப்பிச் சின்னத்தில் ‘ஏ’ எழுத்தும் டென்மார்க் சிலுவையும் இருப்பது, 1875இல் கொடி வழங்கிய இளவரசி அலெக்சாண்ட்ராவால். அவர் டென்மார்க்கில் பிறந்தவர்.

1944 ஜூன் 6 நோர்மண்டித் தரையிறக்கத்தில், அந்த ஒரு நாளுக்கென்று வழங்கப்பட்ட ஒரே விக்டோரியா சிலுவை, அதாவது பிரித்தானியாவின் உயர்ந்த வீர விருது, இந்த ரெஜிமென்ட்டின் ஸ்டான்லி ஹோலிஸுக்கு. 2006இல், அதே ஜூன் 6இல், வேறு இரண்டு படைகளோடு சேர்த்து யோர்க்ஷயர் ரெஜிமென்ட் ஆக்கிவிட்டார்கள். அருங்காட்சியகம் யோர்க்ஷயரின் ரிச்மண்ட் நகரில் இருக்கிறது.