மார்ச்சுக்குள் ஒரு ஏரி நாடகம்

அன்புள்ள ஐயா,

செய்யாறு பக்கத்தில் ஒரு கிராமத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். சனி, ஞாயிறுகளில் ஊர்ப் பிள்ளைகள் இருபது இருபத்தைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு ஓவியம், பாட்டு, நாடகம் என்று ஏதோ செய்துவருகிறோம். எங்கள் ஏரியைப் பற்றி ஒரு நாடகம் போட ஆசை. பக்கத்துத் தொழிற்பேட்டை நிறுவனம் ஒன்று சிஎஸ்ஆர் என்கிற சமூகப் பொறுப்பு நிதியில் இரண்டு லட்சம் தருவதாகச் சொல்கிறது. மார்ச்சுக்குள் முடிக்க வேண்டும், மேடையில் அவர்கள் பேனர் இருக்க வேண்டும், டி-ஷர்ட், மரக்கன்று என்று செலவு எழுதலாம், கலைஞர்களுக்குச் சம்பளம் என்று எழுதக் கூடாது என்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். நண்பர்களோ கறைபட்ட பணம், தொடாதே என்கிறார்கள். வாங்கலாமா? பிள்ளைகளுக்கான சூழலியல் புத்தகங்கள் சிலவற்றையும் சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

வாங்குங்கள். கறை பற்றிப் பேசும் நண்பர்கள் ஆளுக்கு ஐயாயிரம் போடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள், போட்டால் அதையே வாங்கிக்கொள்ளலாம். அந்த நிறுவனத்தின் கழிவு உங்கள் ஏரியில்தான் கலக்கிறது என்றால் கதை வேறு. மற்றபடி இது யாரும் போடும் தர்மம் அல்ல. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பாதிக்கும் நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை இப்படிச் செலவிட வேண்டும் என்கிறது. கல்வி, சுற்றுச்சூழல், மரபுக் கலை மூன்றுமே அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

எனக்கு ஆத்திரம் அந்த மார்ச் மாதத்தின் மேல்தான்.

சில வருடங்களுக்கு முன் உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று ஓர் ஓவியப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். ஐந்தாம் வகுப்புக்குள் படிக்கும் பிள்ளைகள், தலைப்பு 'எங்கள் ஊர் நீர்நிலை'. வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனேன். அழுகிற பூமிப்பந்து, அதைத் தாங்கும் இரண்டு கைகள், கை கால் முளைத்த மரம், நீல ஏரியில் ஆரஞ்சு மீன். ஒரு சிறுமி மட்டும் தாளில் பாதியைப் பழுப்பாகத் தீட்டியிருந்தாள். ஏரிக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஸ்டம்புக்கு மூன்று சீமைக்கருவேலங்குச்சி. ஓரமாக ஒரு டிராக்டர் வண்டல் அள்ளுகிறது. மதகுக் கல்லின் மேல் ஓர் ஆடு ஏறி நிற்கிறது. ஜூன் மாத ஏரி அப்படித்தான் இருக்கும். கூட இருந்த நடுவர்கள் இருவரும் 'இதில் மெசேஜ் இல்லையே சார்' என்றார்கள். சண்டை போட்டுப் பார்த்தேன், ஆறுதல் பரிசுகூடத் தேறவில்லை. முதல் பரிசு பூமிப்பந்துக்கு.

1972இல் ஸ்டாக்ஹோமில் கூடிய ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டின் நினைவாக வந்த நாள் ஜூன் 5. அந்த ஊருக்கு அது நல்ல பருவம். நமக்கு அக்னி நட்சத்திரம் முடிந்த கையோடு வருகிறது. அன்றைக்குப் பிள்ளைகளிடம் ஏரியை வரையச் சொன்னால், பார்க்காத ஒன்றைத்தான் வரைவார்கள். மார்ச்சில் நிதியாண்டு முடிவதற்குள் நாடகம் போடச் சொன்னாலும் அதே கதிதான். நிறுவனத்துக்கு இது தெரியாது, மன்னிக்கலாம். உங்களுக்குத் தெரியும். அந்தத் தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவர், தலையாட்டிவிட்டா வந்தீர்கள்?

உங்கள் ஏரிக்கு ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வரும். வரத்துக்காலில் முதல் தண்ணீர் நுரையும் குப்பையுமாக வருவதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும் அன்று வகுப்பை ரத்து செய்துவிட்டு அங்கே போய் நில்லுங்கள். மடை திறக்கும் கம்புகட்டி இன்னும் ஊரில் இருந்தால், எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர், அதற்காக யார் யாரோடு வெட்டுக்குத்து என்று அவர் சொல்லக் கேளுங்கள். நாடகம் அங்கே இருக்கிறது. சூழலியல் புத்தகத்தில் இல்லை, ஆகவே பட்டியல் தருவதாக இல்லை.

இன்னொன்று. அடைமழைக் காலத்தில்தான் தெருக்கூத்துக்காரர்களுக்கு ஆட்டம் இருக்காது. பங்குனி பிறந்து பாரதக் கூத்து தொடங்கிவிட்டால் அவர்களைப் பிடிக்கவே முடியாது. கூத்துக்குப் பேர்போன புரிசை உங்களுக்கு எட்டும் தூரம். ஏரி நிறைந்திருக்கும் மாதங்களில் கையில் வேலை இல்லாத ஒரு கட்டியங்காரனை, கூத்தில் கோமாளியாக வருகிறவனை, சம்பளம் கொடுத்து அழைத்து வாருங்கள். ராஜாவையே கேலி செய்கிறவன், பஞ்சாயத்துத் தலைவரையும் உங்களையும் எப்படிக் கேள்வி கேட்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பான்.

சம்பளம் எழுதக் கூடாது என்பது சும்மா கதை. நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிற விதி, அந்த நிறுவனம் தன் அலுவலகத்தில் சிஎஸ்ஆரைக் கவனிக்க ஆகும் செலவுக்கானது. திட்டத்தை நேரடியாக நடத்தும் செலவு அதில் சேராது. 2021இல் திருத்திய விதியில் தெளிவாகவே இருக்கிறது, அச்செடுத்துக்கொண்டு போங்கள். சந்தை லாபத்துக்காகத் தரும் ஸ்பான்சர் பணம் சிஎஸ்ஆர் கணக்கிலேயே வராது என்றும் அதே விதி சொல்கிறது. பேனரைப் பெரிதாகக் கேட்டால் இதை எடுத்துக் காட்டலாம். சின்னப் பேனர் என்றால் விட்டுவிடுங்கள், அதற்கெல்லாம் சண்டை எதற்கு.

மார்ச்சுக்கும் வழி இருக்கிறது. ஒரு நாள் நிகழ்ச்சி என்று எழுதாமல், பல ஆண்டு நடக்கும் 'ஆன்கோயிங் புராஜெக்ட்' என்று அவர்களைத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். அப்படியானால் செலவாகாத பணத்தை ஏப்ரல் 30க்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டு, அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவழிக்கலாம். மூன்று ஆண்டு என்றால் மூன்று மழைக்காலம். உங்கள் குழு வழியாகப் பணம் வர வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவும் கம்பெனி விவகார அமைச்சகத்தின் சிஎஸ்ஆர்-1 எண்ணும் வேண்டும். உங்களிடம் இருக்காது. இருக்கிற, நம்பிக்கையான ஓர் அறக்கட்டளையைப் பிடியுங்கள். உங்கள் சொந்தக் கணக்கில் ஒரு பைசா வாங்காதீர்கள். அரசுப் பள்ளி வேலை என்றால் அதில் வேறு வம்பு வரும்.

நாடகம் தை மாதம் என்றால் தேதி சொல்லுங்கள், பஸ் பிடித்து வந்துவிடுகிறேன். மார்ச் 28 என்று அழைப்பிதழ் அனுப்பினால் வர மாட்டேன்.