பேரதிர்ச்சியான செய்தி கேட்டும் சிலர் அழாமல் கல்லாய் நிற்பது ஏன்?

கல்நெஞ்சம் என்று ஊர் பேசும், உண்மை அதுவன்று. ஆபத்து வந்தால் உடல் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ ஆயத்தமாகிறது என்று அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1915-இல் விளக்கினார். அட்ரினலின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் பாய்கிறது, இதயம் படபடக்கிறது, செரிமானம் மந்தமாகிறது. (வயிற்றைப் பிசைகிறது என்பது வெறும் பேச்சுக்குச் சொல்வதில்லை.) சிலருக்குச் சண்டை, ஓட்டம் இரண்டும் நேராமல் உடலும் மனமும் உறைந்துபோகின்றன. அந்த மரத்த நிலை சில மணி நேரமோ சில நாட்களோ நீடிக்கலாம். அழுகை பிறகு, சம்பந்தமே இல்லாத நேரத்தில் பீறிட்டு வரும்.

அப்படி நிற்பவரை ‘அழுதுவிடு’ என்று உலுக்குவது எனக்குப் பிடிக்காத பழக்கம். அருகில் உட்காருங்கள், தண்ணீர் கொடுங்கள், பேசினால் கேளுங்கள். நடந்ததைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள். கெட்ட கனவும் திடுக்கிடலும் ஒரு மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.