சம்ப் மூடியும் ஒரு 'ஜாக்கிரதை' போர்டும்

கேள்வி: எங்கள் வீட்டு மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறோம். வாசலில் இருக்கும் சம்ப்பின் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியின்) தகர மூடி துருப்பிடித்துவிட்டது. போன வாரம் மாடிவீட்டு நான்கு வயதுப் பையன் அதன் மேல் ஏறிக் குதிக்க, மூடி ஒரு பக்கம் உள்ளே இறங்கிவிட்டது. அவன் அம்மா இழுத்ததால் தப்பினான். என் கணவர் 'ஜாக்கிரதை' என்று போர்டு மாட்டியதோடு சரி. "பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை" என்கிறார். ஏதாவது ஆகியிருந்தால் யார் பொறுப்பு?
- ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: முதலில் அந்தப் போர்டு. நான்கு வயதுப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டவே வராது. அவனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆனால் உங்களுக்கு எதிராக அது நன்றாகவே பேசும். மூடி ஆபத்தானது என்று உங்களுக்குத் தெரியும் என்பதற்கு நீங்களே எழுதி மாட்டிய சாட்சி அல்லவா?

தெரியாது என்று சொன்னாலும் பெரிதாக எடுபடாது. டெல்லி சாந்தினி சௌக்கில் இருந்த பழைய மணிக்கூண்டு இடிந்து விழுந்து ஆட்கள் இறந்த வழக்கில், 1966-ல் உச்ச நீதிமன்றம் மாநகராட்சியைப் பொறுப்பாக்கியது. கட்டடத்துக்கு 80 வயது. அதைக் கட்டப் பயன்படுத்திய காரைக்கு ஆயுளே 40, 45 வருடம்தான். மக்கள் நடமாடும் இடத்தில் கட்டடம் வைத்திருப்பவர் அதன் பழுதைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்பதுதான் தீர்ப்பின் சாரம். உங்கள் விஷயத்தில் மூடி உள்ளே இறங்கியதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டீர்கள்.

வாசலும் சம்ப்பும் இரண்டு வீட்டாரும் புழங்கும், ஆனால் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் இடம். அங்கே அடிபட்டால் நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடலாம். பெற்றோரின் கவனக்குறைவை நீங்கள் வாதமாக வைக்கலாம், தொகை குறையவும் கூடும். அதற்காக உங்கள் பொறுப்பு முழுதாகக் கழன்றுவிடாது. கிரிமினல் வழக்கு தனி. அலட்சியத்தால் எலும்பு முறிந்தாலே சட்டத்தின் கணக்கில் அது கொடுங்காயம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. உயிர் போனால் 106-ஆம் பிரிவு, 5 ஆண்டு வரை. பழைய சட்டத்தின் 304ஏ பிரிவில் இது 2 ஆண்டாக இருந்தது. பணம் கொடுத்துச் சமரசம் பேசிக் கையெழுத்து வாங்கினால் இந்த வழக்கு தானாக முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

செலவை யார் ஏற்பது என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி கட்டுமானப் பழுது உங்கள் தலையில். குழாய் வாஷர் மாதிரிச் சில்லறை வேலைதான் அவர்களுடையது.

சரி, வேலைக்கு வருவோம். இன்றைக்கே வாய் முழுவதும் மூடும்படி கனமான பலகை போட்டு, பிள்ளைகள் பக்கத்தில் போகாதபடி மறித்துவிடுங்கள். துருவேறிய தகரத்தின் மேல் கல்லைத் தூக்கி வைப்பது எல்லோரும் செய்வதுதான். தகரம் போகும்போது கல்லும் சேர்ந்து உள்ளே போகும். அப்புறம் வெல்டரைக் கூப்பிட்டுக் கெட்டியான இரும்புத் தகட்டில் பூட்டு வைத்த மூடி போடச் சொல்லுங்கள். அதற்குக் கீழே தனியாக ஒரு கம்பி கிரில்லும் வேண்டும். இந்த கிரில்லைத் தவிர்க்காதீர்கள்: தண்ணீர் லாரிக்காரர் ஹோஸை உள்ளே விட்டுவிட்டு போன் பேசப் போகும் பத்து நிமிடமும் மூடி திறந்துதானே கிடக்கிறது?

கையோடு எலெக்ட்ரீஷியனையும் வரவழையுங்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு மோட்டார் சுவிட்சைத் தட்டுகிற வீடுதானே நம்முடையது. அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் இரண்டு ரசீதையும் தேதியோடு எடுத்து வையுங்கள். மாடிவீட்டு அம்மாவிடம் பூட்டுச் சாவி எங்கே இருக்கும் என்று சொல்லிவிடுங்கள். தண்ணீர் லாரி வரும்போது நீங்கள் வீட்டில் இல்லாமலும் போகலாம்.