வால்வைக் கழற்றலாமா?

கேள்வி: என்னிடம் 1997 மாருதி 800 இருக்கிறது. டெம்பரேச்சர் முள் எப்போதும் பாதிக்குச் சற்றுக் கீழே நிற்கும். இந்தக் கத்திரியில், வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் முக்கால் வரை ஏறியது. பைபாஸ் பிடித்ததும் இறங்கிவிட்டது. இரவில் ஹெட்லைட் போட்டாலும் கொஞ்சம் ஏறுகிறது. ‘தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிடலாம், நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு?’ என்கிறார் மெக்கானிக். கழற்றலாமா?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: வேண்டாம் ஐயா. நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது. ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரைத் திறந்து மூடும் அந்த வால்வு அடைத்துக்கொண்டிருந்தால் பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டுவதற்குள் சிவப்பைத் தொட்டிருக்கும். ஓடும்போது எதிர்காற்று ரேடியேட்டரைக் குளிரவைக்கிறது. நின்றால் அந்த வேலை முழுக்கப் பேனுடையது. ஆகவே சந்தேகம் பேன் மேல்தான்.

வண்டியை நிறுத்தி இன்ஜினை ஓடவிடுங்கள். முள் பாதியைத் தாண்டிக் கொஞ்சம் ஏறுவதற்குள் பேன் ‘உர்’ரென்று கிளம்ப வேண்டும். கிளம்பாவிட்டால் பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது சுற்றினால் மோட்டார் நல்லது. கோளாறு சுவிட்சிலோ ரிலேயிலோ பியூஸிலோ இருக்கும்.

ஹெட்லைட் சங்கதி வேறு. விளக்கு போட்டால் இன்ஜின் சூடாகாது. அந்த நேரம் பெட்ரோல் முள்ளைக் கவனியுங்கள். இரண்டும் சேர்ந்து நகர்ந்தால் அது கரண்ட் கோளாறு, பெரும்பாலும் எர்த் லூஸ். மீட்டர் போர்டின் எர்த் ஒயர், பேட்டரியிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் பட்டை, எல்லாவற்றின் போல்டையும் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுங்கள். இதற்கு ரேடியேட்டரையே மாற்றிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்!

இனி வால்வு. பெரும்பாலும் 82 டிகிரியில் திறக்கத் தொடங்கும். அதுவரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாது. அதைக் கழற்றினால் பைபாஸில் முள் ‘சி’யை (கோல்டு, அதாவது குளிர்ந்த பக்கக் குறியை) விட்டு எழும்பாது. பார்க்க நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஆயில் கெடும், இன்ஜின் சீக்கிரம் தேயும். வெயில் ஊர் என்பது இதற்குச் சமாதானம் ஆகாது. கத்திரி வெயிலே 42 டிகிரிதானே, வால்வு திறக்கும் 82 எங்கே!

நம் பக்கத்தில் உண்மையான எதிரி போர் தண்ணீர். டீக்கடை பாய்லரில் படிகிற அதே வெள்ளை உப்பு ரேடியேட்டர் குழாயிலும் படியும். பாதி கூலன்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். மூடியையும் பாருங்கள். அதில் 0.9 என்று இருந்தால், அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூடச் சுமார் 118 டிகிரியில்தான் கொதிக்கும். ரப்பர் வெடித்த மூடி என்றால் 100-லேயே பொங்கும். சூட்டில் மட்டும் மூடியைத் திறக்காதீர்கள்.

முள் ஏறுவதைவிட எனக்குப் பயம், ஏறிய முள் திடீரென்று விழுவது. சென்சார் தண்ணீருக்குள் நனைந்திருந்தால்தான் சரியாகக் காட்டும். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் போய்விட்டால் இன்ஜின் வெந்துகொண்டிருக்கும், முள் ‘சி’யில் கிடக்கும். அப்படி விழுந்தால் அந்த இடத்திலேயே ஆஃப் செய்யுங்கள்.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் முள் கொஞ்சம் ஏறுவது சகஜம். முக்காலைத் தொட்டால் ஏசியை அணைத்து ஓரம் கட்டுங்கள். தண்ணீர் ஒழுகாமல், பேன் சுற்றிக்கொண்டிருந்தால் இன்ஜினை உடனே அணைக்காமல் ஐடிலில் விடுங்கள். முள் தானே இறங்கும்.